லேயர் மாஸ்க் கொண்டு படத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது: விளிம்பு விளிம்பாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபோட்டோஷாப்பில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ பட்டனை அமுக்கினால் சில விநாடிகளில் ஆள் தனியே வந்துவிடுவார். வந்த படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்தின் ஓரம் சரியாக இருக்கும். முடியின் ஓரத்தில் பழைய சுவரின் நிறம் ஒட்டியிருக்கும். விரல்களுக்கு நடுவே பழைய பின்னணி எட்டிப் பார்க்கும். கையில் கண்ணாடி டம்ளர் இருந்தால் அது அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். பட்டன் செய்தது பாதி வேலைதான். மீதி வேலை லேயர் மாஸ்க்கில், அதாவது படத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் வசதியில், நடக்க வேண்டும்.

அந்த மீதி வேலையைப் பலர் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். எந்த டூல் நல்லது என்று தேடுகிறார்கள். ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி விளிம்பு கிடையாது என்பதுதான் முதலில் மனதில் பதிய வேண்டியது. சட்டையின் தோள்பட்டை ஒரு வகை, முடி வேறு வகை, கண்ணாடி இன்னொரு வகை, பாதத்தின் கீழே விழும் நிழல் மற்றொரு வகை. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பைப் போட்டால் ஏதாவது ஒன்று கெடும். விளிம்பைப் பார்த்து வகை பிரித்து, வகைக்கு ஏற்ற கருவியை எடுப்பதே இந்த வழிகாட்டி சொல்லப்போகும் முறை.

படிகளை ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் மாறுபடும் இடங்கள் கடைசியில் வருகின்றன. பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபியாவில் பெரும்பாலான ஷார்ட்கட்கள் இதேபோல்தான். மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் என்ற இடத்தில் கமாண்ட் என்றும், ஆல்ட் என்ற இடத்தில் ஆப்ஷன் என்றும் கொள்ளுங்கள்.

மாஸ்க்குக்குள் என்ன இருக்கிறது

லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களில் ஒரு தாள் மாதிரி. லேயர் மாஸ்க் என்பது அந்த லேயரோடு சேர்ந்திருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 8 பிட் கோப்பில் அதன் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு உண்டு. 0 என்றால் கறுப்பு. லேயரில் அந்த இடம் மறைந்துவிடும். 255 என்றால் வெள்ளை. அந்த இடம் முழுதாகத் தெரியும். 128 அளவிலான சாம்பல் இருந்தால் பாதி தெரியும், அடியிலிருக்கும் லேயர் பாதி தெரியும்.

மாஸ்க் ஒரு படம் என்பதால் படத்துக்குச் செய்யும் எல்லாவற்றையும் அதற்கும் செய்யலாம். பிரஷ்ஷால் வரையலாம், லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை அளவைச் சரிசெய்யும் வசதி) போடலாம், மங்கலாக்கலாம், தலைகீழாக மாற்றலாம். எரேசரால் அழித்த பிக்சல் கோப்பை மூடிவிட்டால் திரும்ப வராது. மாஸ்க்கில் மறைத்தது அடுத்த வருடம் கோப்பைத் திறந்தாலும் அங்கேயே இருக்கும். வெள்ளை பிரஷ்ஷால் தேய்த்தால் வெளியே வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பொருளைப் பிரிக்கும் வேலையில் எரேசரைத் தொடாதீர்கள்.

படி 1: கோப்பைத் தயார் செய்தல்

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வெளிர் நிறச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறார். கறுப்பு முடி காற்றில் கொஞ்சம் பறக்கிறது. கையில் கண்ணாடி டம்ளர். தரையில் அவருடைய நிழல்.

படத்தைத் திறந்ததும் கன்ட்ரோல் + ஜே அமுக்கி லேயரை நகலெடுங்கள். கீழே இருக்கும் அசல் லேயரின் கண் குறியை அணைத்துவிடுங்கள். அது கடைசிவரை தொடப்படாமல் இருக்கட்டும். நிழலை எடுக்கும்போது தேவைப்படும்.

அடுத்து, நகலுக்குக் கீழே மூன்று சாலிட் கலர் (முழுக்க ஒரே நிறம் கொண்ட) லேயர்கள் போடுங்கள்: ஒன்று கிட்டத்தட்ட கறுப்பு, ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை, ஒன்று அடர்ந்த பச்சையோ சிவப்போ. இவை சோதனைக்கு. வெள்ளையும் சாம்பலுமான கட்டம் போட்ட பின்னணியில் விளிம்பின் குறைகள் கண்ணுக்குத் தெரியாது. வெளிர் சுவரிலிருந்து வெட்டிய பெண்ணைக் கறுப்பின் மேல் வைத்தால், சுற்றிலும் ஓடும் வெள்ளைக் கோடு உடனே காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழை தானாகவே குறையும்.

படி 2: விளிம்புகளை வாசித்தல்

டூலை எடுக்கும் முன், படத்தை 100 முதல் 200 சதவீதத்தில் வைத்துப் பொருளின் ஓரம் முழுக்க ஒரு சுற்று வாருங்கள். எந்தெந்த இடத்தில் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஃபோகஸில் இருக்கும் துணி, கை, டம்ளரின் அடிப்பாகம்: இவை கூர்மையானவை. ஆனாலும் எந்தக் கேமராவிலும் இந்த விளிம்பு ஒரே பிக்சலில் முடிந்துவிடாது. ஓரிரண்டு பிக்சல் அகலத்துக்கு நிறம் மெல்ல மாறும். அதனால் நூறு சதவீதக் கூர்மையான மாஸ்க் போட்டால் படிக்கட்டு போன்ற பல் விளிம்பு வந்து செயற்கையாகத் தெரியும்.

ஃபோகஸுக்கு வெளியே போன பின்தோள், அசைவில் மங்கிய கைவிரல்: இவற்றின் விளிம்பு 10, 20 பிக்சல் அகலத்துக்குப் பரவியிருக்கும். இங்கே மாஸ்க்கும் அதே அளவு மங்கலாக இருக்க வேண்டும். மங்கலான தோளைக் கூர்மையான மாஸ்க்கால் வெட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. படத்தைப் பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. ஆனால் ஒட்டு வேலை என்பது தெரிந்துவிடும்.

முடி, கம்பளி, இலைக்கொத்து: இங்கே விளிம்பு என்று ஒரு கோடே கிடையாது. ஒரு பிக்சலுக்குள் முடியும் சுவரும் கலந்திருக்கும்.

கண்ணாடி, மெல்லிய துணி, புகை: இவற்றின் உள்பகுதியே பாதி ஒளி ஊடுருவுவது. விளிம்பை மட்டும் சரிசெய்து பயனில்லை.

படி 3: முதல் செலக்‌ஷன்

இங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம். ‘செலக்ட் சப்ஜெக்ட்’ அல்லது ஆப்ஜெக்ட் செலக்‌ஷன் டூல் போதும். விட்டுப்போன இடத்தைக் குயிக் செலக்‌ஷன் டூலால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் கழியும்.

பாட்டில், நாற்காலி, கட்டடம், கார் மாதிரியான நேர்கோடும் சீரான வளைவும் கொண்ட பொருட்களுக்கு மட்டும் பென் டூலைப் பரிந்துரைப்பேன். பாதையைப் பொருளின் விளிம்பிலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வரையுங்கள். பாதையை மூடிய பின் கன்ட்ரோல் + என்டர் அமுக்கினால் அது செலக்‌ஷனாகிவிடும். நேரமெடுக்கும் வேலைதான், ஆனால் இப்படிப்பட்ட பொருட்களில் இதன் சுத்தம் வேறு எதிலும் வராது.

படி 4: மாஸ்க்காக மாற்றுதல்

செலக்‌ஷன் இருக்கும்போதே லேயர் பேனலின் அடியில் இருக்கும் ‘ஆட் லேயர் மாஸ்க்’ பட்டனை அமுக்குங்கள். செவ்வகத்துக்குள் வட்டம் போட்ட குறி அது. செலக்‌ஷனுக்குள் இருந்தது வெள்ளையாகவும் வெளியே இருந்தது கறுப்பாகவும் மாறி, லேயரின் பக்கத்தில் இரண்டாவது சிறுபடம் தோன்றும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் தலைகீழாக வரும்.

இனி ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். லேயரில் இப்போது இரண்டு சிறுபடங்கள் இருக்கின்றன: ஒன்று படம், ஒன்று மாஸ்க். எதைச் சுற்றி மெல்லிய சட்டம் தெரிகிறதோ அதில்தான் உங்கள் பிரஷ் வேலை செய்யும். மாஸ்க்கில் வரைவதாக நினைத்துப் பெண்ணின் முகத்தில் கறுப்பு பூசுவது புதிதாகக் கற்பவர்களுக்கு நேரும் வழக்கமான குழப்பம். பிரஷ் வைக்கும் முன் சட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

படி 5: மாஸ்க்கையே நேராகப் பார்த்தல்

நிறையப் பேர் தவிர்த்துவிடும் படி இது. மாஸ்க் சிறுபடத்தின் மேல் ஆல்ட் + கிளிக் செய்யுங்கள். படம் மறைந்து, கறுப்பு வெள்ளை மாஸ்க் மட்டும் திரை முழுக்க வரும். வண்ணப் படத்தில் தெரியாத பிழைகள் எல்லாம் இங்கே அம்மணமாக நிற்கும்: சட்டையின் நடுவே வெள்ளைக்குள் சாம்பல் திட்டு, பின்னணியின் கறுப்பில் சிதறிய தூசிபோன்ற புள்ளிகள், விரலிடுக்கில் கறுப்பாக வேண்டிய இடத்தில் வெள்ளை.

உள்ளே இருக்கும் சாம்பல் திட்டை வெள்ளை பிரஷ்ஷாலும், வெளியே இருக்கும் புள்ளிகளைக் கறுப்பு பிரஷ்ஷாலும் இந்தத் திரையிலேயே அடைத்துவிடுங்கள். லேசான சாம்பல் எங்கும் பரவியிருந்தால் கன்ட்ரோல் + எல் அமுக்கி லெவல்ஸில் கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். அதிகம் தள்ளினால் முடியின் மென்மை போய்விடும், நிதானமாகச் செய்யுங்கள். மீண்டும் ஆல்ட் + கிளிக் செய்தால் படம் திரும்பும்.

இன்னும் இரண்டு பார்வைகள் கைக்குப் பழக வேண்டும். பேக்ஸ்லாஷ் கீயை அமுக்கினால் மறைக்கப்பட்ட பகுதி சிவப்புப் படலமாகத் தெரியும். தவறுதலாக வெட்டுப்பட்ட காது நுனி, தோடு போன்றவற்றைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஷிஃப்ட் + மாஸ்க் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணைந்து அசல் படம் தெரியும்.

படி 6: பிரஷ் வேலை

பி கீயை அமுக்கினால் பிரஷ். டி அமுக்கினால் கறுப்பு வெள்ளை. எக்ஸ் அமுக்கினால் இரண்டும் இடம் மாறும். சதுர அடைப்புக்குறிகள் பிரஷ்ஷின் அளவைக் கூட்டிக் குறைக்கும். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் அதன் ஹார்ட்னஸ் (பிரஷ் ஓரத்தின் கூர்மை) மாறும். இடது கை இந்தக் கீகளின் மேலேயே இருக்கட்டும். மறைப்பது, மிஞ்சினால் எக்ஸ் தட்டித் திரும்பக் கொண்டுவருவது என்று இரண்டு திசையிலும் போய்வந்துதான் நல்ல விளிம்பு அமையும்.

கூர்மையான துணி விளிம்புக்கு ஹார்ட்னஸ் 80 முதல் 90 சதவீதம் சரியாக வரும். 100 வைத்தால் பல் விளிம்பு, 0 வைத்தால் ஓரமெல்லாம் புகைபோல மங்கும். மங்கலான தோளுக்கு ஹார்ட்னஸைக் குறைத்து, பிரஷ்ஷின் அளவை அந்த மங்கலின் அகலத்தோடு பொருத்துங்கள். நேரான ஓரத்துக்கு ஒரு முனையில் கிளிக் செய்து, மறுமுனையில் ஷிஃப்ட் + கிளிக் செய்தால் இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு விழும்.

மாஸ்க் முழுவதும் ஒரு பிக்சல் வெளியே தள்ளி நின்று, சுற்றிலும் மெல்லிய வெளிர்க் கோடு தெரிகிறதா? ஃபில்டர் மெனுவில் ‘அதர்’ என்பதற்குள் ‘மினிமம்’ இருக்கிறது. அதை 1 பிக்சல் அளவில் மாஸ்க்கின் மேல் போட்டால் கறுப்பு உள்ளே நகர்ந்து வெள்ளை சுருங்கும். முடிப் பகுதியை மட்டும் இதிலிருந்து விலக்கி வையுங்கள். மெல்லிய முடிகள் ஒரே அடியில் காணாமல் போய்விடும்.

படி 7: முடி

இங்கேதான் பொறுமை வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’. மாஸ்க் சிறுபடம் தேர்வில் இருக்கும்போது கன்ட்ரோல் + ஆல்ட் + ஆர். பார்வையை ‘ஆன் பிளாக்’ என்று வைத்துக்கொண்டு, ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை முடியும் சுவரும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஓட்டுங்கள். தலையின் உட்பகுதியில் ஓட்டினால் மண்டைக்குள் ஓட்டை விழும். கீழே இருக்கும் ‘ஸ்மூத்’, ‘ஃபெதர்’ ஸ்லைடர்களை முடிக்காக நகர்த்தாதீர்கள். அவை மாஸ்க் முழுவதையும் பாதிக்கும், துணி விளிம்பும் சேர்ந்து கெடும். ‘ஷிஃப்ட் எட்ஜ்’ மட்டும் தேவைப்பட்டால் கழித்தல் 10 அளவில் வைக்கலாம்.

இரண்டாவது வழி பழையது. சேனல் வழியாக, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலத் தகவல்களைத் தனித்தனியே எடுத்துப் போவது. பின்னணி ஒரே சீராக இருந்து, முடிக்கும் அதற்கும் நல்ல வேறுபாடு இருந்தால் இன்றும் இதைத்தான் நான் எடுப்பேன், ஏனென்றால் முடியின் உண்மையான தகவல் படத்திலேயே இருக்கிறது, மென்பொருள் ஊகிக்க வேண்டியதில்லை. சேனல் பேனலுக்குப் போய் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். எதில் முடி அதிகக் கறுப்பாகவும் சுவர் அதிக வெள்ளையாகவும் இருக்கிறதோ அதை நகலெடுங்கள். அசல் சேனலைத் தொட்டால் படத்தின் நிறமே மாறிவிடும். எனவே நகலில்தான் வேலை.

நகலில் கன்ட்ரோல் + எல். சுவர் சுத்த வெள்ளையாகவும் முடி சுத்தக் கறுப்பாகவும் ஆகும்வரை முனைகளை நகர்த்துங்கள், ஆனால் ஓர முடிகளில் சாம்பல் மிச்சமிருக்கட்டும். அந்தச் சாம்பல்தான் முடியின் மென்மை. மிச்ச அழுக்கை அகற்ற பிரஷ்ஷின் மோடை ‘ஓவர்லே’ என்று மாற்றுங்கள். இந்த மோடில் வெள்ளையால் தேய்த்தால் சுத்தக் கறுப்பு அசையாது, கறுப்பால் தேய்த்தால் சுத்த வெள்ளை அசையாது. நடுவில் உள்ள சாம்பல் மட்டும் நகரும். முடிக்கு ஊடாகத் தேய்த்தாலும் முடி தப்பிக்கும். பிறகு மோடை ‘நார்மல்’ ஆக்கி, முகத்தையும் உடலையும் கறுப்பால் நிரப்பி, கன்ட்ரோல் + ஐ அமுக்கித் தலைகீழாக்குங்கள். பெண் வெள்ளை, சுவர் கறுப்பு. சேனல் சிறுபடத்தில் கன்ட்ரோல் + கிளிக் செய்தால் செலக்‌ஷன் தயார்.

ஆனால் இந்தச் செலக்‌ஷனை முடிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இதை வைத்து ஒரு தனி லேயரில் மாஸ்க் போட்டு, உடலுக்கு முந்தைய மாஸ்க் இருக்கும் லேயரையே வைத்துக்கொள்ளலாம். இரண்டு லேயர்களும் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து, ஒவ்வொன்றும் தன் விளிம்பை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்ட நிறம்

மாஸ்க் சரியாக இருந்தும் முடியின் ஓரம் வெளுத்துத் தெரிந்தால், குறை மாஸ்க்கில் இல்லை. சுவரின் நிறம் அந்தப் பிக்சலுக்குள்ளேயே கலந்திருக்கிறது. மாஸ்க்கை உள்ளே தள்ளினால் முடி போகும், நிறம் போகாது.

‘செலக்ட் அண்ட் மாஸ்க்’கில் ‘டிகன்டாமினேட் கலர்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. அது பிக்சலின் நிறத்தையே மாற்றுவதால் புதிய லேயராகத்தான் வெளியே தரும். நான் கையால் செய்வதையே விரும்புகிறேன்: மேலே ஒரு வெற்று லேயர், கன்ட்ரோல் + ஆல்ட் + ஜி அமுக்கி கிளிப்பிங் மாஸ்க் (கீழ் லேயர் தெரியும் இடத்தில் மட்டும் இந்த லேயரும் தெரியும்), பிரஷ்ஷில் ஆல்ட் + கிளிக் செய்து பக்கத்து முடியின் நிறத்தை எடுத்து, ஓபாசிட்டியை (பூச்சின் அடர்த்தியை) 30 சதவீதமாக்கி, ஓரத்தில் மட்டும் மெல்லப் பூசுவது. லேயரின் பிளெண்ட் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை) ‘கலர்’ என்று வைத்தால் நிறம் மட்டும் மாறும், வெளிச்சம் அப்படியே இருக்கும். ஓரம் வெளுப்பாகவே இருந்தால் ‘மல்டிப்ளை’ அல்லது ‘டார்க்கன்’ வையுங்கள்.

கண்ணாடி

மாஸ்க்கில் டம்ளரை வெள்ளையாக விட்டால் பழைய சுவர் அதற்குள் தெரியும். கறுப்பாக்கினால் டம்ளரே இருக்காது. மாஸ்க்கில் சாம்பல் வேண்டும், அதுவும் ஒரே சாம்பல் போதாது. விளிம்பு வளையத்தையும் பளிச்சென்ற ஒளித்தெறிப்புகளையும் வெள்ளையாகவே விடுங்கள். நடுப் பகுதியை மென்மையான கறுப்பு பிரஷ்ஷால், 20 அல்லது 30 சதவீத ஓபாசிட்டியில், புதிய பின்னணி இயல்பாக ஊடுருவித் தெரியும்வரை அடுக்கடுக்காகத் தேய்த்து இறக்குங்கள். டம்ளருக்குப் பின்னால் இருக்கும் விரல்கள் தெரிய வேண்டிய இடத்தைச் சாம்பலாக்காதீர்கள். பழைய சுவரின் நிறச் சாயல் மிஞ்சினால், கிளிப் செய்த ‘ஹியூ சேச்சுரேஷன்’ லேயரில் சேச்சுரேஷனைக் குறைத்து, அந்த லேயரின் மாஸ்க்கை டம்ளருக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

நிழல்

ஆளை எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பாதத்தின் கீழே நிழல் இல்லாவிட்டால் மிதப்பார். அசல் படத்தில் இருக்கும் நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். படி 1-இல் மறைத்து வைத்த அசல் லேயரை நகலெடுத்து, புதிய பின்னணிக்கு மேலே, பெண்ணுக்குக் கீழே வையுங்கள். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + யு அமுக்கி நிறத்தை நீக்குங்கள். பிளெண்ட் மோடை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். லெவல்ஸில் வெள்ளை முனையை, தரை முழு வெள்ளையாகும்வரை இழுங்கள்; ‘மல்டிப்ளை’யில் வெள்ளை மறைந்துவிடும், நிழல் மட்டும் நிற்கும். பிறகு கறுப்பு மாஸ்க் போட்டு நிழல் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறந்துவிடுங்கள். வெளிர் தரையில் எடுத்த படங்களுக்கு இது நன்றாக வரும். கோடு போட்ட தரை, புல்தரை என்றால் அந்தக் கோடும் புல்லும் சேர்ந்து வரும். அங்கே மென்மையான பிரஷ்ஷால் நிழலைப் புதிதாக வரைவதே மேல். பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்ந்தும் கூர்மையாகவும், விலக விலக வெளிறியும் மங்கியும் இருக்க வேண்டும்.

கிம்ப்பில் செய்பவர்களுக்கு

லேயரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஆட் லேயர் மாஸ்க்’. வரும் பெட்டியில் வெள்ளை, கறுப்பு, செலக்‌ஷன் எனப் பல தேர்வுகள் இருக்கும். செலக்‌ஷன் எடுத்து வைத்திருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆல்ட் + கிளிக் மாஸ்க்கைக் காட்டும். மாஸ்க்கை அணைக்க மட்டும் ஷிஃப்ட்டுக்குப் பதில் கன்ட்ரோல் + கிளிக். பிரஷ்ஷுக்கு பி கீ அமுக்கினால் பாதை வரையும் டூல் வரும். பெயின்ட் பிரஷ் ஆங்கில அகரவரிசையில் ஓ-வுக்கு அடுத்த எழுத்தில் இருக்கிறது. எக்ஸும் டியும் அப்படியே. முதல் செலக்‌ஷனுக்கும் முடிக்கும் ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’ டூல் நல்ல துணை.

சேமிக்கும்போது

வேலைக் கோப்பை பிஎஸ்டி ஆகவோ, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் ஆகவோ வையுங்கள். மாஸ்க் உயிரோடு இருக்கும். பின்னணி இல்லாமல் வெளியே கொடுக்க பிஎன்ஜி. ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் பகுதி தங்காது, காலி இடம் முழுவதும் ஒரு நிறத்தால் நிரம்பிவிடும். ஜிஃப்பில் ஒரு பிக்சல் ஒன்று முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும். பாடுபட்டு எடுத்த முடியின் சாம்பல் எல்லாம் அதில் தொலைந்துபோகும். பிஎன்ஜி கோப்பைக் கொடுக்கும் முன் சோதனைக்குப் போட்ட மூன்று சாலிட் கலர் லேயர்களையும் அணைத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் ‘அப்ளை லேயர் மாஸ்க்’கை மட்டும் வேலைக் கோப்பில் அமுக்க வேண்டாம், மறைத்து வைத்த பிக்சல்கள் அந்த நொடியே அழிந்துவிடும்.